காடு தந்த கடன்

மரத்தை வெட்டுதல் தீது என்று தொடக்கப் பள்ளியிலிருந்தே கற்பித்து வருகிறோம். மழைக்கு மரம் வேண்டும். நிழலுக்கு மரம் வேண்டும். மண் கரைந்து போகாமல் காக்கவும் மரம் வேண்டும் என்று பாடநூல்கள் கூறுகின்றன. மாணவர்களும் அதனைப் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் பெறுகின்றனர். ஆனால் அண்மைக் காலத்தில் கட்டடக் கலைஞர் பலர், உலகம் வெப்பமடைவதைத் தடுக்க வேண்டுமாயின் சிமெண்டையும் எஃகையும் குறைத்து மரத்தால் கட்டுங்கள் என்று கூறுகின்றனர். நூல் நிலையம், நாடக அரங்கம், பள்ளிக்கூடம் முதலான பொதுக் கட்டடங்களையே அவ்வாறு கட்டவேண்டும் என்பது அவர்கள் கருத்து. வெட்டாதே என்பது ஒரு பாடம். வெட்டிக் கட்டு என்பது மற்றொரு பாடம். இவ்விரண்டில் எது மெய்?

அறிவுள்ள மாணவன் எழுப்பத்தக்க வினா இது. இதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஓர் ஊரையும், அவ்வூரார் மரத்தோடு கொண்ட நெடுநாள் உறவையும், அங்கே அண்மையில் எழுந்த ஒரு பெருங்கட்டடத்தையும் சான்றாகக் கொண்டு ஆராய்ந்தால் விடை தானே புலப்படும்.

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ளது சுவீடன் நாடு. அதன் நிலப்பரப்பில் பத்தில் ஏறத்தாழ ஏழு பங்கு காடு. பைன், ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களே அக்காடுகளில் மிகுதி. அந்நாட்டின் வடகிழக்கே, போத்னியா வளைகுடாவிற்கு அண்மையில், ஷெலெஃப்தியோ என்னும் நகரம் அமைந்திருக்கிறது. வடதுருவ வட்டத்திற்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே உள்ள ஊர் அது. நகரத்தில் வாழ்வோர் 36,000 பேர் அளவினரே. மார்கழி, தை மாதங்களில் அங்கே பகல் என்பது சில மணி நேரமே. மற்ற நேரமெல்லாம் இருளும் பனியும் சூழ்ந்திருக்கும். நம் நாட்டில் ஊரார் ஒன்றுகூட ஓர் ஆலமரத்தடியோ, கோயில் மண்டபமோ, திறந்த திடலோ போதும். அங்கு அது நடவாது. நான்கு சுவரும் ஒரு கூரையும் இருந்தால்தான் பத்துப் பேர் கூடிப் பேச முடியும். ஆதலால் பொதுக் கட்டடம் என்பது அவ்வூரார்க்கு அணிகலன் அன்று. அவர்கள் ஒரு சமுதாயமாக வாழ்வதற்கே அஃது அடிப்படை.

இத்தேவையை அவர்கள் முன்னோர் எவ்வாறு நிறைவேற்றினர் என்பதை முதலில் காண்போம்.

அந்நாளில் வட சுவீடனில் வாழ்ந்த உழவர்களின் வீடுகள் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் இருந்தன. திருச்சபைக் கோயிலுக்கு வந்து வழிபடுவது கடமையாக இருந்தது. ஆனால் பனியில் பல கல் தொலைவு வந்தவர் அன்றே வீடு திரும்புதல் அரிது. ஆகவே கோயிலை அடுத்து, இரவு தங்குவதற்கான சிறு மரவீடுகளை வரிசை வரிசையாகக் கட்டிக்கொண்டனர். இவ்வாறு அமைந்த குடியிருப்புக்குக் கோயில் நகரம் என்று பெயர். ஷெலெஃப்தியோவில் உள்ள கோயில் நகரத்தைப் போன்ஸ்தான் என்று வழங்குவர். உழவர் நகரம் என்பது அதன் பொருள். நூற்றுக்கு மேற்பட்ட மரவீடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. இதே வகையைச் சேர்ந்த, லூலியோ நகரத்தை அடுத்த காமெல்ஸ்தாத் கோயில் நகரம், 1996 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அவ்வீடுகள் ஆண்டு முழுவதும் குடியிருப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. திருநாளும் சந்தையும் வரும்போது ஊரார் கூடித் தங்கவும், உறவினரைக் காணவும், திருமணப் பேச்சு நடத்தவும் உதவியவை.

அவை கட்டப்பட்ட முறையும் கவனிக்கத்தக்கது. முழு மரங்களைப் பட்டை நீக்கிச் செதுக்கி, கிடையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். மூலைகளில் ஒரு மரத்தில் பள்ளம் வெட்டி, மற்றொன்று அதனுள் பொருந்தி உட்காருமாறு பூட்டுவர். இடைவெளிகளில் பாசியைத் திணித்துக் குளிர்காற்றைத் தடுப்பர். இம்முறையில் ஒரு பெரும் நன்மை உண்டு. வேண்டும்போது மரங்களுக்கு எண் இட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, வேறோர் இடத்திற்குக் கொண்டுசென்று மறுபடியும் அதே வீட்டை எழுப்பலாம். வீடு இடம் மாறலாம், உடையவர் மாறலாம், மரம் வீணாவதில்லை.

அந்நகரத்து ஆற்றின் குறுக்கே லேயோன்ஸ்த்ரெம் பாலம் என்னும் ஒரு மரப்பாலமும் உண்டு. 1737 ஆம் ஆண்டில் கட்டப்பட்டது; 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ளது. மரப்பாலம் இத்தனை நாள் நிற்குமா என்று நீங்கள் வியக்கலாம். நனைந்து நனைந்து உலரும் மரம் நாளடைவில் உளுத்துப் போவது இயல்பே. ஆனால் உளுத்த பலகையை அவ்வப்போது நீக்கிப் புதிய பலகையை இடுவதற்கு ஆள் உண்டெனில் பாலம் நிற்கும். பொதுச் சொத்து நீடிப்பது, பொருளின் வலிமையால் மட்டும் அன்று. அதனைப் பேணுவோரின் ஒழுங்காலும்தான். இக்கருத்து பின்னர் நமக்குப் பயன்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வாறு மரத்தோடு வாழ்ந்த மக்கள், மரத்தைக் கண்டு அஞ்சவேண்டிய நாளும் வந்தது. 1888 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆம் நாள், வட சுவீடனின் இரு நகரங்கள் ஒரே நாளில் தீக்கிரையாயின. சுந்த்ஸ்வால் என்பது ஒன்று. ஊமியோ என்பது மற்றொன்று. கோடை வறட்சியும் பலத்த காற்றும் சேர்ந்து கூரைக்குக் கூரை நெருப்பைப் பரப்பின. சுந்த்ஸ்வாலில் மட்டும் ஏறத்தாழ 9,000 பேர் வீடிழந்தனர். அந்நகரம் பின்னர்க் கல்லாலும் செங்கல்லாலும் மீண்டும் கட்டப்பட்டது. ஊமியோ நகரத்தாரோ தெருக்களை அகலப்படுத்தி, வீதியோரங்களில் பிர்ச் மரங்களை வரிசையாக நட்டனர். ஒரு வீட்டின் தீ அடுத்த தெருவிற்குத் தாவாதபடி பச்சை மரங்கள் தடுக்கும் என்பது அவர்கள் எண்ணம். வெட்டிய மரத்தால் வந்த அழிவுக்கு, நட்ட மரத்தைக் காவலாக வைத்தனர். இன்றும் ஊமியோவைப் பிர்ச் மர நகரம் என்றே வழங்குகின்றனர்.

இத்தகைய தீ விபத்துகளின் விளைவாக, நகரங்களில் இரண்டு மாடிகளுக்கு மேல் மரக்கட்டடம் எழுப்பலாகாது என்ற விதி சுவீடனில் நிலைபெற்றது. ஒரு நூற்றாண்டிற்கு மேல் அவ்விதி நீடித்தது. மரம் வீட்டிற்கும் தொழுவத்திற்கும் உரியது. பெரிய பொதுக் கட்டடத்திற்குக் கான்கிரீட்டே உரியது என்ற எண்ணம் பரவியது. காடு சூழ்ந்த நாட்டிலேயே இந்நிலை.

1990களின் நடுப்பகுதியில் அவ்விதி மாற்றப்பட்டது. எந்தப் பொருளால் கட்டுகிறாய் என்று கேட்பதை விடுத்து, தீ எழுந்தால் உன் கட்டடம் எவ்வளவு நேரம் தாங்கி நிற்கும் என்று சட்டம் கேட்கத் தொடங்கியது. இம்மாற்றம் அச்சத்தை மறந்ததனால் வந்தது அன்று. மரத்தைப் பற்றிய அறிவு வளர்ந்ததனால் வந்தது. அவ்வறிவு யாது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

மரம் நார்களால் ஆனது. நார் ஓடும் திசையில் அது மிகுந்த வலிமை உடையது. நாருக்குக் குறுக்கே மெலிந்தது. விறகு பிளப்பவர் கோடரியை எந்தப் பக்கம் ஓங்குகிறார் என்பதைக் கண்டவர்க்கு இது விளங்கும். மேலும், ஒரே மரத்திலிருந்து கிடைக்கும் உத்தரத்தின் நீளமும் பருமனும் அம்மரத்தின் அளவைப் பொறுத்தவை. கணுவோ வெடிப்போ இருந்தால் அவ்விடத்தில் வலிமை குன்றும். இக்குறைகளை நீக்க வழி கண்டவர்களுள் ஒருவர் ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த ஓட்டோ ஹெட்சர். சிறு பலகைகளை நார்கள் ஒரே திசையில் இருக்குமாறு அடுக்கி, பசையிட்டு அழுத்தி, நீண்ட வளைந்த உத்தரங்களாக்கும் முறைக்கு அவர் 1906 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஒரு பலகையில் கணு இருந்தாலும் அடுத்த பலகை அதனை ஈடு செய்துவிடும். இதனை ஒட்டுமர உத்தரம் எனலாம்.

1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் மற்றொரு முறை வளர்ந்தது. பலகைகளை ஓர் அடுக்கு நெடுக்காகவும், அடுத்த அடுக்குக் குறுக்காகவும் மாற்றி மாற்றி வைத்து ஒட்டுவதே அது. துணியில் பாவும் ஊடும் ஒன்றையொன்று தாங்குவதுபோல, நெடுக்கு நாரும் குறுக்கு நாரும் ஒன்றையொன்று தாங்கும். தச்சர் வழங்கும் ஒட்டுப்பலகையும் இத்தத்துவத்தில் அமைந்ததே. ஆனால் இங்கே அடுக்கப்படுபவை மெல்லிய தாள்கள் அல்ல, முழுப் பலகைகள். இவ்வாறு கிடைக்கும் தகடு ஒரு சுவர் அளவு அகலமும், கையகலத்திற்கு மேற்பட்ட தடிப்பும் உடையதாக இருக்கும். சுவராகவும் தளமாகவும் அதனையே நிறுத்தலாம். இதனைக் குறுக்கடுக்குப் பலகை என்று நாம் வழங்குவோம்.

தீ பற்றியது என்ன? மெல்லிய குச்சி உடனே எரிகிறது. பருத்த அடிமரம் எளிதில் எரிவதில்லை. அடுப்பூதியவர் அனைவரும் அறிந்த உண்மை இது. பருத்த உத்தரத்தில் தீப்பட்டால் அதன் மேற்பரப்பு கரியாகிறது. அக்கரிப் படலம் வெப்பத்தை உள்ளே எளிதில் விடாத போர்வையாக நின்று, உள்ளிருக்கும் மரத்தைக் காக்கிறது. ஊசியிலை மரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் ஆழமே கரிகிறது என்று சோதனைகளால் அறிந்துள்ளனர். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். ஆகவே பொறியாளர், சுமையைத் தாங்கத் தேவையான பருமனுக்கு மேல், தீயில் கரிவதற்கென்றே ஒரு பகுதியைக் கூட்டி வைக்கிறார். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கட்டடம் நிற்கும். அதற்குள் மக்கள் வெளியேறலாம். எஃகு எரியாதுதான்; ஆனால் 600 பாகை வெப்பத்தை நெருங்குகையில் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்து வளைந்துவிடும். இதனால் மரம் தீக்கு அஞ்சாது என்று கூறிவிட வேண்டா. திறந்த மரச்சுவர் தீக்கு இரையும் ஆகும். அதனால்தான் சில சுவர்களைத் தீக்காப்புப் பலகையால் மூடுதலும், வெப்பம் கண்டதும் தானே நீர் தூவும் குழாய்களை அமைத்தலும் இன்றியமையாதனவாகக் கருதப்படுகின்றன.

இவ்வறிவின் துணையோடு ஷெலெஃப்தியோ நகரத்தார் எழுப்பிய கட்டடமே சாரா பண்பாட்டு இல்லம். 2021 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அது திறக்கப்பட்டது. அவ்வட்டாரத்தில் பிறந்து, வடபுலத்து எளிய மக்களின் வாழ்வையும், காட்டினூடே இருப்புப்பாதை வந்த கதையையும் நாவல்களாக எழுதிய சாரா லிட்மன் என்னும் அம்மையாரின் பெயரே அதற்கு இடப்பட்டது. அவர் வாழ்ந்த காலம் 1923 முதல் 2004 வரை. கட்டடத்தை வகுத்தவர்கள், ஒயிட் என்னும் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஷ்மிட்ஸ், ஓஸ்கார் நொரேலியுஸ் என்னும் இரு கட்டடக் கலைஞர்கள்.

அது 20 மாடிகள் கொண்டது. உயரம் ஏறத்தாழ 75 மீட்டர். அகன்ற கீழ்ப்பகுதியில் நகர நூல் நிலையம், நாடக அரங்கம், ஓவியக் கூடம், அருங்காட்சியகம் ஆகியன உள்ளன. அதன்மேல் எழும் கோபுரத்தில் ஒரு விடுதி நடைபெறுகிறது. கீழ்ப்பகுதியில் தூண்களும் உத்தரங்களும் ஒட்டுமரத்தால் ஆனவை. அகன்ற கூடங்களின் மேல் மட்டும் மரமும் எஃகும் சேர்ந்த சட்டங்கள் சுமையைத் தாங்குகின்றன. கோபுரமோ, ஆலையில் முன்னதாகவே அறையறையாகச் செய்யப்பட்ட குறுக்கடுக்குப் பலகைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பப்பட்டது. இருபுறமும் மின்தூக்கி செல்லும் கூண்டுகளும் மரமே. கட்டடத்திற்குச் சென்ற மரம் 12,000 கன மீட்டருக்கு மேல். அவையனைத்தும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிற்குட்பட்ட காடுகளிலிருந்து வந்தவை. வெட்டியதும், அறுத்ததும், ஒட்டியதும் அவ்வட்டாரத்துக் கைகளே.

இனி நம் முதல் வினாவிற்குத் திரும்புவோம். மரத்தை வெட்டிக் கட்டுவதால் உலகிற்கு நன்மை எவ்வாறு விளையும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரும்பலகை இல்லாவிடினும், தாளும் எழுதுகோலும் உங்களிடம் இருக்கும்.

உலர்ந்த ஸ்புரூஸ் மரம் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 420 கிலோகிராம் எடையுள்ளது. உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கரி என்று கொள்ளலாம். ஆகவே கரி 210 கிலோகிராம். இக்கரி எங்கிருந்து வந்தது? வேர் மண்ணிலிருந்து உறிஞ்சியது அன்று. இலை காற்றிலிருந்து எடுத்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து, சூரிய ஒளியின் துணையால் அதிலுள்ள கரியைத் தன் உடலாக்கிக்கொண்டது மரம். 12 பங்கு கரி 44 பங்கு கரியமில வாயுவிலிருந்து கிடைக்கும் என்பது வேதியியல் பாடம். 210 ஐ 44 ஆல் பெருக்கி 12 ஆல் வகுத்தால் 770. ஆக, ஒரு கன மீட்டர் மரத்தினுள் 770 கிலோகிராம் கரியமில வாயு சிறைப்பட்டிருக்கிறது. 12,000 கன மீட்டர் மரத்தில் ஏறத்தாழ 9,000 டன். அக்கட்டடம் நிற்கும் வரை இவ்வாயு காற்றில் கலவாது. மாறாக, சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுச் சிமெண்டு செய்யும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு வெளிப்படுகிறது. சூளையின் எரிபொருளும் வாயுவைக் கக்குகிறது. மனிதர் செயலால் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 முதல் 8 பங்கு சிமெண்டுத் தொழிலால் வருவது என்று கணித்துள்ளனர்.

இத்துடன் கணக்கு முடிந்தது என்று மகிழ்ந்துவிடுதல் தவறு. வரவை எழுதிப் பற்றை எழுதாத கணக்கு, கணக்கு ஆகாது. அறுவை ஆலைக்கு வரும் மரத்தில் ஏறத்தாழப் பாதியே பலகையாகிறது. எஞ்சியது தூளாகவும் சிம்பாகவும் சென்று, காகிதமாகவோ விறகாகவோ மாறி, விரைவில் காற்றிலேயே கலக்கிறது. வெட்டுதல், ஏற்றுதல், உலர்த்துதல், ஒட்டுதல் ஆகியவற்றிற்கும் ஆற்றல் செலவாகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, வெட்டப்பட்ட மரம் நின்ற இடம் வெறுமையாகிறது. அங்கே நட்ட கன்று, வெட்டிய மரத்தின் அளவை அடைய எத்தனை ஆண்டுகள் ஆகும்? வட சுவீடனின் குளிரில் மரம் மெல்ல வளரும். 80 ஆண்டுகளும் ஆகலாம், 100 ஆண்டுகளைக் கடந்தும் செல்லலாம்.

இங்கேதான் நாம் தேடிய விடை இருக்கிறது. கட்டடத்திற்கென வெட்டிய மரம் காட்டிலிருந்து நாம் வாங்கிய கடன். நட்ட கன்று பெருமரமாகும் நாளில்தான் அக்கடன் தீர்கிறது. ஆதலால் கட்டடம் குறைந்தது அத்தனை ஆண்டுகளேனும் நிற்க வேண்டும். 100 ஆண்டில் வளர்ந்த மரத்தை வெட்டி, 30 ஆண்டில் இடிக்கும் கட்டடத்தைக் கட்டுபவன், கடனை அடைக்குமுன் மறுகடன் கேட்பவன் ஆவான். சாரா இல்லத்தை வகுத்தவர்கள் அது 100 ஆண்டுகளேனும் நிற்க வேண்டும் என்று திட்டமிட்டது இக்கணக்கோடு பொருந்துகிறது. வெட்டாதே என்ற பாடமும் பொய் அன்று. வெட்டிக் கட்டு என்ற பாடமும் பொய் அன்று. திருப்பி நடுபவனும், கட்டியதை நெடுங்காலம் பேணுபவனும் மட்டுமே வெட்டும் உரிமை உடையவர்.

பொதுக் கட்டடத்திற்கு மரம் ஏன் சிறப்பாகப் பொருந்துகிறது என்பதும் இதனால் விளங்கும். தனியொருவர் வீட்டைப் பிள்ளைகள் விற்கலாம், வாங்கியவர் இடிக்கலாம். கடையும் அலுவலகமும் வாணிகத்தின் போக்கிற்கேற்ப மாறும். ஊர் முழுவதும் தன்னுடையது என்று எண்ணும் கட்டடத்தையே தலைமுறை தலைமுறையாகப் பழுது பார்ப்பர். 1737 இல் கட்டிய பாலம் இன்றும் நிற்பதற்குக் காரணம் இதுவே. மேலும், நூல் நிலையம், அரங்கம், ஓவியக் கூடம், அருங்காட்சியகம் ஆகிய நான்கிற்கும் நான்கு தனிக் கட்டடங்கள் எழுப்பினால் நான்கு வாயில், நான்கு படிக்கட்டு, நான்கு கூரை வேண்டும். ஒரே கூரையின்கீழ் அமைந்தால் முன்கூடம் ஒன்றே போதும். தேவைக்கேற்பக் கூட்டியும் பிரித்தும் வழங்கத்தக்க அரங்குகள், காலையில் ஒரு பணிக்கும் மாலையில் மற்றொரு பணிக்கும் உதவும். பகிர்ந்து பயன்படுத்துவதால் மிஞ்சும் மரம், வெட்டப்படாமலே காட்டில் நிற்கும் மரம்.

இக்கணக்கின் மறுபக்கத்தையும் மறைக்காமல் கூறுதல் ஆசிரியர் கடமை. சுவீடனில் 1903 ஆம் ஆண்டிலேயே, காட்டை வெட்டுவோர் அங்கே மீண்டும் காடு வளர்க்க வேண்டும் என்று சட்டம் இயற்றினர். 1923 முதல் நாட்டின் காடுகளை முறையாக அளந்து வருகின்றனர். அதன்பின் நின்ற மரத்தின் மொத்த அளவு ஏறத்தாழ இருமடங்காயிற்று. இது பெருமைக்குரியது. ஆயினும் காடு என்பது மரங்களின் எண்ணிக்கை மட்டும் அன்று. ஒரே நாளில் முற்றாக வெட்டி, ஒரே வகைக் கன்றை வரிசையாக நட்டு வளர்த்த தோப்பில், முதிய காட்டிற்கு உரிய பறவையும் பூஞ்சையும் பூச்சியும் வாழ்வதில்லை. அந்நாட்டின் வடபுலத்தில் சாமி என்னும் தொல்குடியினர் துருவ மான்களை மேய்த்து வாழ்கின்றனர். குளிர்காலத்தில் அம்மான்களுக்கு உணவு, முதிய காடுகளில் தரையிலும் மரத்திலும் படரும் லைக்கன்களே. நெருங்கி வளரும் இளந்தோப்பில் லைக்கன்கள் குறைகின்றன; மான்கள் பசியால் வாடுகின்றன. எங்கள் மேய்ச்சல் நிலம் உங்கள் மரக்கிடங்கா என்று அம்மக்கள் கேட்பதில் நியாயம் உண்டு. காடு தந்த கடனை மரக்கணக்கில் மட்டும் திருப்பினால் போதாது. காட்டு வாழ்வையும் அதனோடு திருப்பித் தரவேண்டும். இச்சிக்கலை அந்நாட்டார் இன்னும் முழுமையாகத் தீர்க்கவில்லை.

நூறாண்டு என்பது ஊருக்கும் நெடிய காலமே. நார்த்வோல்ட் என்னும் நிறுவனம் மின்கல ஆலை ஒன்றை ஷெலெஃப்தியோவில் நிறுவியது. ஊர் பெருகும் என்ற நம்பிக்கை அதனால் வளர்ந்தது. அந்நிறுவனம் 2025 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நொடித்துப் போயிற்று. பல்லாயிரவர் வேலை இழந்தனர். ஆலைகள் வரும், போகும். நூலைத் திருப்பித் தர வரும் சிறுவனுக்கும், நாடகம் காண வரும் முதியவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். செல்வம் பெருகிய நாளில் கட்டுவது எளிது. குறைந்த நாளிலும் பேணுவதே அரிது. அக்கட்டடம் தன் கடனை அடைக்குமா என்பது, பொறியாளரின் கையில் இல்லை. இனிவரும் நான்கு தலைமுறை ஊராரின் கையில் இருக்கிறது.

இதைக் கேட்டவுடன், நாமும் 20 மாடி மரக்கட்டடம் எழுப்புவோம் என்று புறப்பட வேண்டா. ஸ்புரூஸ் காடு நம்மிடம் இல்லை. கறையானும் மழைக்கால ஈரமும் நம்மிடம் உண்டு. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டினால் அதனை அழுகச் செய்யும் பூஞ்சை பற்றும் என்பது எந்நாட்டிற்கும் பொதுவான இயல்பு. தொலைநாட்டு மரத்தைக் கப்பலில் ஏற்றி வந்து கட்டினால், பக்கத்துக் காட்டு மரத்தால் கட்டிய நன்மையில் ஒரு பங்கு கடலிலேயே கரைந்துவிடும். அவ்வூரிடமிருந்து நாம் கற்கத்தக்கது கட்டடத்தின் உருவத்தை அன்று. அதற்கு முன் எழுப்ப வேண்டிய வினாக்களை. இப்பொருள் எங்கிருந்து வந்தது? எடுத்த இடத்தில் மீண்டும் வளர எத்தனை ஆண்டு ஆகும்? நம் கட்டடம் அத்தனை ஆண்டு நிற்குமா? அதனைப் பேணுவோர் யார்? மரமாயினும், கல்லாயினும், ஆற்று மணலாயினும் இவ்வினாக்கள் பொருந்தும். ஆற்று மணலுக்கு இவற்றைக் கேட்டுப் பாருங்கள். விடை உங்களைச் சிந்திக்க வைக்கும்.

மாணவர்களே, நீங்கள் அமர்ந்திருக்கும் பெஞ்சும், முன்னே உள்ள மேசையும் ஏதோ ஒரு காட்டின் கடன்தான். அதில் பெயரைக் கீறாமல், காலை ஒடிக்காமல், அடுத்த ஆண்டு வரும் மாணவனுக்கு ஒப்படைத்தல் அக்கடனில் உங்கள் பங்கு. பொதுச் சொத்தைப் பேணும் பழக்கம் அங்கே தொடங்குகிறது. அப்பழக்கம் உள்ள ஊரில் எப்பொருளால் கட்டினாலும் கட்டடம் நிற்கும், காடும் நிற்கும்.